பருத் தழும்புப் பள்ளங்களை உடலின் சொந்தத் திசுவால் நிரப்பலாமா?

கேள்வி இது: கன்னத்தில் பழைய பருத் தழும்புகள் பள்ளம் பள்ளமாக இருக்கின்றன. கடையில் வாங்கும் ஃபில்லர் ஊசிக்குப் பதிலாக, என் உடம்பிலிருந்தே கொழுப்போ இரத்தமோ எடுத்து நிரப்பலாம் என்கிறார்கள். அது நிற்குமா? ஆபத்து உண்டா? எதைக் கேட்டு முடிவு செய்வது?

நிரப்பலாம், ஆனால் எல்லாப் பள்ளத்தையும் அல்ல. சொந்தத் திசு என்று சொல்லும்போது குறைந்தது நான்கு பொருள்களைச் சேர்த்துச் சொல்கிறார்கள்: கொழுப்பு, தோலின் உள்ளடுக்கு, இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா, ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்கள். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அடுக்குக்கு உரியவை, நிற்கும் காலமும் வேறு. உங்கள் தழும்பில் எந்த அடுக்கு குறைந்திருக்கிறது என்று பார்க்காமல் பொருளைத் தேர்ந்தெடுத்தால் பணம் போகும், பள்ளம் அப்படியே இருக்கும். இந்தச் சிகிச்சைகளில் வரும் ஏமாற்றத்தில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் வீட்டிலேயே பாருங்கள். இருட்டான அறையில் ஒரு விளக்கு மட்டும் பக்கவாட்டிலிருந்து படும்படி கண்ணாடி முன் நில்லுங்கள். பள்ளத்தின் இரு பக்கமும் விரல் வைத்துத் தோலை மெல்ல இழுங்கள். இழுத்ததும் பள்ளம் மறைந்தால், மேல்தோல் ஏறக்குறைய நன்றாக இருக்கிறது, கீழே தாங்கும் திசு குறைந்திருக்கிறது அல்லது தழும்பு நார்கள் தோலைக் கீழே பிடித்து இழுக்கின்றன என்று பொருள். நிரப்புவதால் பலன் கிடைப்பது இந்த வகைக்குத்தான். இழுத்தும் மறையாமல் விளிம்பு கூராகத் தெரிந்தால் தோலே அங்கு போயிருக்கிறது. அதற்கு நிரப்புவது துணைச் சிகிச்சையாக மட்டுமே உதவும்.

மருத்துவர்கள் பள்ளத் தழும்புகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஊசியால் குத்தியது போல 2 மி.மீ.க்கும் குறைந்த வாயோடு ஆழமாக இறங்குவது ஒரு வகை, ஐஸ்பிக் என்பார்கள். பாக்ஸ்கார் என்பது 1.5 முதல் 4 மி.மீ. அகலத்தில், செங்குத்தான விளிம்போடு, அடி தட்டையாக இருப்பது. ரோலிங் என்பது 4 மி.மீ.க்கு மேல் அகலமாக, விளிம்பு தெரியாமல் அலையலையாக இருப்பது. ரோலிங் வகையில் நிரப்புதல் நன்றாக வேலை செய்யும். ஆழமான பாக்ஸ்காரில் ஓரளவு செய்யும். ஐஸ்பிக்கில் செய்யவே கூடாது. குறுகிய துளையைச் சுற்றிப் பொருள் சேர்ந்தால் சுற்றுத்தோல் எழும்பி, துளை முன்பைவிட ஆழமாகத் தெரியும். அவற்றுக்கு உயர் செறிவு டிசிஏ (ட்ரைகுளோரோஅசிட்டிக்) அமிலத்தைக் குச்சி நுனியால் துளைக்குள் மட்டும் தொட்டு வைப்பது அல்லது பஞ்ச் என்ற வட்டக் கத்தியால் வெட்டியெடுத்துத் தைப்பதுதான் வழி. பெரும்பாலான முகங்களில் மூன்று வகையும் கலந்தே இருக்கும். அதனால்தான் ஒரே முறையால் முழு முகமும் சரியாகும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம் என்கிறேன்.

நிரப்பும் முன் விடுவிக்க வேண்டும். பஞ்சு மெத்தையில் தையல் இழுத்த இடத்தில் எவ்வளவு பஞ்சு திணித்தாலும் குழி போகாது, தையலை அறுத்தால்தான் எழும்பும். ரோலிங் தழும்பின் அடியில் இருக்கும் நார்ப்பிடிப்பும் அப்படித்தான். அதை அறுக்கும் முறைக்கு சப்சிஷன் என்று பெயர். 1995இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்களான ஓரன்ட்ரைக் தந்தையும் மகனும் விவரித்தார்கள். லிக்னோகெய்னும் அட்ரினலினும் கலந்த மரப்பு மருந்தை ஏற்றி, அட்ரினலின் தோலை வெளுக்கச் செய்யும் வரை 10 நிமிடம் போலக் காத்திருப்பார்கள். பிறகு 18 கேஜ் தடிமனுள்ள ஊசியையோ, முனையில் சிறு கத்தி அமைந்த நோகார் ஊசியையோ, பெரிய பரப்பு என்றால் மழுங்கிய முனையுள்ள கேனுலா என்ற குழல் ஊசியையோ தோலுக்கும் கொழுப்புக்கும் இடைப்பட்ட தளத்தில் நுழைத்து, முன்னும் பின்னும் பிறகு விசிறி போலவும் நகர்த்துவார்கள். நார் அறுபடும்போது நறநறவென்ற ஒரு உணர்வு கைக்குக் கிடைக்கும். அது நின்றதும் அந்த இடத்தில் வேலை முடிந்தது.

சொந்தத் திசு நிரப்பி உண்மையில் இங்கேயே தொடங்கிவிடுகிறது. அறுத்த இடைவெளியில் சேரும் இரத்தம் உறைந்து, அதன்மேல் புதிய கொலாஜன் நார்ப்புரதம் உருவாகிறது. பணமே செலவாகாத நிரப்பி அது. பலருக்கு 4 முதல் 6 வார இடைவெளியில் 2, 3 முறை சப்சிஷன் செய்தாலே போதும், வேறு எதுவும் தேவைப்படாது. ஆனால் இரத்தம் அதிகம் சேர்ந்தால் கட்டியாக நின்றுவிடும். செய்து முடித்ததும் 5 முதல் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பது இதற்காகத்தான். பல வாரங்கள் கரையாத கட்டிக்கு மிகக் குறைந்த செறிவில் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். செறிவு கூடினால் தோல் மெலிந்து புதுப் பள்ளமே வந்துவிடும். தாடை விளிம்பிலும் நெற்றிப்பொட்டிலும் முகநரம்பின் கிளைகள் மேலாக ஓடுவதால் அங்கே ஆழம் தவறக்கூடாது.

சப்சிஷனின் பலவீனம், அறுத்த நார் திரும்பவும் ஒட்டிக்கொள்வது. கொழுப்பு வைப்பதன் பெரிய பயன் இங்கே வருகிறது: இடத்தை நிரப்புவதோடு, இரு பரப்பும் திரும்ப ஒட்டாமல் நடுவில் நின்று காக்கிறது.

கொழுப்பு மாற்றுவது புதிதல்ல. 1893இலேயே ஜெர்மன் அறுவை மருத்துவர் குஸ்டாவ் நாய்பர் கையிலிருந்து சிறு கொழுப்புத் துண்டுகளை எடுத்து முகத்தின் குழிந்த தழும்புகளில் வைத்தார். பெரிய துண்டுகள் நிற்பதில்லை, சிறியவையே நிற்கின்றன என்று அப்போதே கண்டார். காரணம் எளிது. இடம் மாறிய கொழுப்புக்கு முதல் சில நாட்கள் சொந்த இரத்தக்குழாய் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறி வரும் ஆக்சிஜனை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது, அந்த ஊறல் ஒன்றிரண்டு மி.மீ. தாண்டிப் போவதில்லை. ஒரே இடத்தில் உருண்டையாகக் கொட்டிய கொழுப்பின் நடுப்பகுதி செத்து எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புக் கட்டியாகவோ மாறும். நியூயார்க்கைச் சேர்ந்த சிட்னி கோல்மன் 1990களில் வகுத்த முறை முழுவதும் இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே அமைந்தது.

செய்முறை இப்படிப் போகும். தொடையின் உள்பக்கம், அடிவயிறு அல்லது முழங்காலின் உள்பக்கத்தில் ஊசிநுழையும் அளவு துளை போடுவார்கள். 1 லிட்டர் சலைனில் 2 சதவீத லிக்னோகெய்ன் 25 மி.லி.யும் அட்ரினலின் 1 மி.கி.யும் கலந்தால் 0.05 சதவீத மரப்புக் கரைசல் கிடைக்கும். முகத்துக்கு வேண்டிய சிறு அளவுக்கு இதில் 100 மி.லி.க்குள் போதும். 15 முதல் 20 நிமிடம் காத்திருந்து, 2 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள பல துளைக் கேனுலாவை 10 மி.லி. சிரிஞ்சில் பொருத்தி எடுப்பார்கள். பிஸ்டனை ஒரேயடியாக இழுக்கக் கூடாது. 1 அல்லது 2 மி.லி. அளவு மட்டும் பின்னிழுத்து லேசான உறிஞ்சலில் எடுக்க வேண்டும், வலுவான உறிஞ்சல் செல்களை உடைத்துவிடும். எடுத்ததை நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் 3 நிமிடம் சுழற்றினால் மேலே எண்ணெய், நடுவில் கொழுப்பு, கீழே இரத்தமும் நீரும் என மூன்றாகப் பிரியும். மேலும் கீழும் நீக்கிவிட்டு நடுப்பகுதியை 1 மி.லி. சிரிஞ்சுகளுக்கு மாற்றுவார்கள். சுழற்றாமல் சலைனில் கழுவி வடிகட்டுவோரும் உண்டு. அதிலும் பலன் வருகிறது. கொழுப்பைத் திறந்த தட்டில் காற்றுபடக் காயவிடுவதுதான் கூடாது.

வைப்பது கொழுப்புத் தளத்தில், மழுங்கிய கேனுலாவால். உள்ளே கொண்டுபோகும்போது அழுத்தக் கூடாது, வெளியே இழுத்துக்கொண்டே வரும் வழியில் மட்டும் விட வேண்டும். ஒரு இழுப்பில் 0.1 மி.லி.க்கும் குறைவு. பல திசைகளிலிருந்து, பல தளங்களில், மெல்லிய கோடுகளாக. பள்ளங்கள் நிறைந்த ஒரு கன்னத்துக்குப் பொதுவாக 3 முதல் 10 மி.லி. வரை ஆகும். தனித் தழும்பு என்றால் ஒரு மி.லி.யில் சிறு பங்கே போதும். தோலின் உள்ளடுக்குக்குள்ளேயே, அதாவது டெர்மிஸில், முழுக் கொழுப்பை வைத்தால் வெளியே மஞ்சளாகப் புடைத்துத் தெரியும். அதனால் டெர்மிஸ் குறைந்த பாக்ஸ்கார் தழும்புக்குக் கொழுப்பு சரியான பொருள் அல்ல.

எவ்வளவு நிற்கும் என்பதற்கு ஒரே எண் சொல்பவரிடம் கவனமாக இருங்கள். ஆய்வுகளில் இது 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையே பரந்து கிடக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பாதி அளவு கரையும் என்று எதிர்பார்த்துக்கொள்வது நல்லது. முதல் 2 வாரத்தில் தெரியும் உப்பல் வீக்கம்தான், அதைப் பார்த்து மகிழவோ பயப்படவோ வேண்டாம். 3 மாதத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் நீண்டகாலம் நிற்கும். அது உயிருள்ள கொழுப்பு என்பதால் நீங்கள் எடை கூடினால் அதுவும் கூடும், மெலிந்தால் குறையும். ஆகவே எடை ஏறி இறங்கும் காலத்தில் இதைச் செய்யாதீர்கள். சிகரெட் பிடிப்பவருக்கு நிகோட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் கொழுப்பு தங்குவது குறையும். முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரமாவது நிறுத்த வேண்டும்.

இப்போது ஆபத்து. சொந்தக் கொழுப்பு என்பதால் ஒவ்வாமை இல்லை, உடல் நிராகரிக்காது. இது உண்மை. இதைச் சொல்லியே பாதுகாப்பானது என்று விற்பது பாதி உண்மை. முகத்தின் தமனிகள் கண்ணின் தமனியோடு இணைந்திருக்கின்றன. தமனிக்குள் அழுத்தத்தோடு கொழுப்பு போனால் அது பின்னோக்கிச் சென்று விழித்திரைத் தமனியை அடைக்கலாம். 2015இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், உலகெங்கும் நிரப்பு ஊசிகளால் பார்வை பாதித்த 98 நிகழ்வுகளில் ஏறக்குறைய பாதி சொந்தக் கொழுப்பால் வந்தவை. புருவமத்தி, மூக்கு, நெற்றி ஆகியவையே மிக ஆபத்தான இடங்கள். கன்னத்தின் பக்கப்பகுதி ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது, பருத் தழும்புகள் அதிகம் இருப்பதும் அங்கேதான் என்பது ஒரு நல்லூழ். கடையில் வாங்கும் ஹையலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற நொதி உண்டு. கொழுப்பைக் கரைக்க அப்படி ஒன்றும் இல்லை. விழித்திரை இரத்தமின்றித் தாங்குவது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். எனவே கூர்மையான ஊசி, வேகமான அழுத்தம், பெரிய சிரிஞ்ச் மூன்றும் முகக் கொழுப்பு சிகிச்சையில் இருக்கக் கூடாதவை. ஊசி போடும்போதோ பிறகோ திடீர்க் கண்வலி, பார்வை மங்கல், தோல் வலையாக வெளுப்பது அல்லது நீலம்பாய்வது தெரிந்தால் காலைவரை பொறுக்கக் கூடாது, அந்த நிமிடமே கண் மருத்துவம் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நானோஃபேட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெல்ஜியத்தின் டோனார்டும் அவர் குழுவினரும் 2013இல் விவரித்த முறை. எடுத்த கொழுப்பை ஒன்றோடொன்று இணைத்த இரு சிரிஞ்சுகளுக்கிடையே 30 முறை முன்னும் பின்னும் தள்ளிக் குழம்பாக்கி, மெல்லிய வலையில் வடிகட்டுவார்கள். 27 கேஜ் மெல்லிய ஊசியில்கூடப் போகும், டெர்மிஸில் வைக்கலாம். ஆனால் அதில் உயிருள்ள கொழுப்பு செல்கள் மிஞ்சுவதில்லை. எஞ்சுவது தோலைத் தூண்டும் பிற செல்களும் வளர்ச்சிக் காரணிகளும். ஆக நானோஃபேட் கொள்ளளவை நிரப்பாது. தோலின் தன்மை, நிறம், தழும்பின் மென்மை இவற்றில் சில மாதங்களில் முன்னேற்றம் தரலாம். பள்ளம் உயர வேண்டும் என்று கேட்டவருக்கு இதை மட்டும் கொடுத்தால் ஏமாற்றமே. கொழுப்பிலிருந்து நொதி வைத்துத் தண்டு செல்களைப் பிரித்து ஊசி போடுகிறோம் என்ற விளம்பரம் வேறு விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, அங்கீகரித்த சில இரத்த நோய்களைத் தவிர மற்ற எதற்கும் தண்டு செல் சிகிச்சையை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே தரக் கூடாது. தழும்புக்கு அதை விற்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அதிகம் பேசப்படாத, ஆனால் சரியான முகத்துக்கு மிக நல்ல முறை தோல் ஒட்டு, அதாவது டெர்மல் கிராஃப்ட். 4 மி.மீ.க்கு மேல் அகலமான, மென்மையான அடியுடைய சில பெரிய பள்ளங்கள் மட்டும் இருப்பவருக்கு இது பொருந்தும். காதின் பின்னால் உள்ள தோலின் மேலடுக்கை, சுழலும் கருவியால் தேய்க்கும் டெர்மாப்ரேஷனாலோ லேசராலோ கத்தியாலோ முழுவதும் சுரண்டிவிட்டு, அடியில் உள்ள வெள்ளை டெர்மிஸை மட்டும் எடுத்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் கத்தரித்து நீக்குவார்கள். எடுத்த இடத்தைத் தைத்தால் காதுக்குப் பின்னால் மெல்லிய கோடு மட்டும் நிற்கும். தழும்பின் அடியை 1, 2 வாரம் முன்பே சப்சிஷனால் விடுவித்துவைப்பது வழக்கம். அதற்குள் புதிய இரத்தக்குழாய்கள் வரத் தொடங்கியிருக்கும், ஒட்டும் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தின் வடிவத்துக்கு வெட்டிய துண்டை ஊசித் துளை வழியாகவே உள்ளே நுழைத்து விரித்து, துளையை ஒரு தையலாலோ ஒட்டுநாடாவாலோ மூடுவார்கள். டெர்மிஸ் குறைந்த இடத்துக்கு டெர்மிஸே போவதால் நீண்டகாலம் நிற்கிறது. தவறுவது எங்கே என்றால், மேல்தோல் சிறு துணுக்காவது விட்டுப்போனால் உள்ளே தோல் நீர்க்கட்டி உருவாகும். அப்புறம் அதைத் திறந்து எடுக்க வேண்டிவரும். பள்ளத்தைவிடப் பெரிதாக வெட்டினால் மேடாகும், சிறிதாக இருந்தால் ஓரங்கள் குழிந்து நிற்கும். நேரம் பிடிக்கும் நுண்வேலை, முகம் முழுக்க 50 தழும்பு உள்ளவருக்கு நடைமுறைக்கு ஒவ்வாது.

தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவான பிஆர்பி பற்றி நேராகச் சொல்ல வேண்டும்: அது நிரப்பி அல்ல. 10 முதல் 20 மி.லி. இரத்தத்தை, உறைவைத் தடுக்கும் மருந்து கலந்த குழாயில் எடுத்து, சுழற்றி, சாதாரண இரத்தத்தைவிட 3 முதல் 5 மடங்கு தட்டணுக்கள் உள்ள பிளாஸ்மாவைப் பிரிக்கிறார்கள். ஊசியாகப் போட்ட திரவம் சில நாட்களிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நுண்ணூசிகளால் தோலைத் துளைக்கும் மைக்ரோநீட்லிங்கோடு சேர்த்தால், நீட்லிங் மட்டும் செய்ததைவிட ஓரளவு கூடுதல் பலன் கிடைப்பதாகவும் காயம் விரைவாக ஆறுவதாகவும் ஒரு முகத்தின் இரு பக்கங்களை ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வளவே. பிஆர்எஃப் என்பது இரத்தத்தை உறைவைத் தடுக்கும் மருந்து சேர்க்காமல் மெதுவாகச் சுழற்றி எடுப்பது. சில நிமிடங்களுக்குள் ஊசி போட்டாக வேண்டும், உள்ளே போனபின் ஃபைப்ரின் என்ற உறைவுப் புரத வலையாக உறையும். சப்சிஷன் செய்த வெற்றிடத்தில் தற்காலிகத் தாங்கியாக இது நன்றாகவே உதவுகிறது. பிளாஸ்மாவைச் சூடாக்கிக் கெட்டியான ஜெல்லாக்கிப் போடும் முறையும் உண்டு. சில வாரம் முதல் சில மாதம் வரைதான் உருவம் நிற்கும்.

சொந்த இரத்தம் என்றால் தொற்றே வராது என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தில் மைக்ரோநீட்லிங்குடன் பிஆர்பி செய்துகொண்டவர்களுக்கு எச்ஐவி தொற்று ஏற்பட்டது 2018இல் தெரிய வந்தது. ஊசியும் குழாயும் உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட வேண்டும், குழாயில் உங்கள் பெயர் ஒட்டப்பட வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

நான்காவது பொருள் வளர்த்தெடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட், அதாவது கொலாஜனை உருவாக்கும் தோல் செல்கள். காதின் பின்னால் 3 மி.மீ. பஞ்ச் துண்டுகள் எடுத்து, ஆய்வகத்தில் சில மாதங்கள் பெருக்கி, 3 முதல் 6 வார இடைவெளியில் மூன்று முறை டெர்மிஸின் மேற்பகுதியில் ஊசி போடுவது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011இல் இதற்கு ஒப்புதல் அளித்தது மூக்கோர மடிப்புகளுக்குத்தான். பருத் தழும்பில் செய்த ஆய்விலும் பலன் தெரிந்தது. அடுக்குக்கு ஏற்ற பொருள், கருத்தளவில் மிக அழகானது. ஆனால் விலை அதிகம், நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்காது. இதைத் தேடி அலைய வேண்டாம்.

நம் போன்ற மாநிறத் தோலுக்கு இந்த முறைகளில் ஒரு நன்மை உண்டு. ஆழமான லேசர் மேல்தோலைச் சுடுவதால் கருமை படியும். சப்சிஷனும் கொழுப்பும் தோல் ஒட்டும் வேலை செய்வது அடியில். ஆனாலும் நீலக்காயம் பட்ட இடத்தில் வெயில் பட்டால் பழுப்பு நிறம் மாதக்கணக்கில் நிற்கும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

யார் பொறுக்க வேண்டும்? சீழ்ப்பருக்கள் இன்னும் வந்துகொண்டிருப்பவர்கள் முதலில் பருவைக் கட்டுப்படுத்த வேண்டும். பரு உள்ள தோல் வழியாக ஊசி நுழைந்தால் கிருமி ஆழத்துக்குப் போகும், புதுத் தழும்பும் வரும். தாடையிலோ மார்பிலோ கெலாய்டு என்ற தடித்து வளரும் தழும்பு வந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தள்ளிப்போட வேண்டும். ஆஸ்பிரின் போன்றவற்றை இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை முடித்து 6 மாதம் எல்லாவற்றுக்கும் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி இப்போது தளர்ந்திருக்கிறது. ஆழமாகச் சுரண்டும் டெர்மாப்ரேஷனுக்கும் முழுமையாகச் சுடும் லேசருக்கும் காத்திருப்பது தொடர்கிறது.

கொழுப்பு வைத்தபின் முதல் 2 வாரம் அந்த இடத்தை மசாஜ் செய்யக் கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது. ஐஸ் வைத்தால் துணி சுற்றி, லேசாக, முதல் இரு நாள் மட்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு குறைய வேண்டிய வீக்கம் ஒரு பக்கம் மட்டும் கூடி, சூடும் வலியும் சேர்ந்தால் கிருமித் தொற்று என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

கலந்த தழும்புகளுக்கு வரிசை இப்படி இருந்தால் நல்லது: முதலில் ஐஸ்பிக் துளைகளை அமிலத்தாலோ பஞ்ச்சாலோ முடிப்பது, அது ஆறியதும் சப்சிஷனோடு கொழுப்பு அல்லது பிஆர்எஃப், 3 மாதம் கழித்து எஞ்சியதைப் பார்த்துத் தோல் மேற்பரப்புக்கு மைக்ரோநீட்லிங்கோ லேசரோ. தயக்கம் உள்ளவர்கள் கொழுப்புக்கு முன் ஹையலூரானிக் அமில ஃபில்லரை ஒரு பள்ளத்தில் வைத்துப் பார்க்கலாம். எழும்பினால் எப்படி இருக்கும் என்று தெரியும், பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம். தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ, யாராக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் தளத்தில், எந்தக் கேனுலாவால், எத்தனை மி.லி. வைப்பீர்கள்? தமனி அடைத்தால் அடுத்த 10 நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? என் ஐஸ்பிக் துளைகளை எப்படிக் கையாள்வீர்கள்? இவற்றுக்கு எண்ணோடும் பெயரோடும் பதில் வர வேண்டும். சிகிச்சைக்கு முன் அதே பக்கவாட்டு விளக்கில், அதே தூரத்தில், மேக்கப் இல்லாமல் படம் எடுத்துவையுங்கள். முன்னால் விழும் ஃபிளாஷ் பள்ளத்தை மறைத்துவிடும். 3ஆம் மாதமும் 6ஆம் மாதமும் அதே மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள், 3 மாதத்துக்கு முன் இரண்டாவது முறை கொழுப்பு வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.